செயலாளரின் ஆண்டறிக்கை: புதிய முயற்சியாளர்களும் வாடிக்கையாளர்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிருவாகக் குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

கிளிநொச்சி மாவட்டத்தில் இயங்கிவரும் எமது சிறுதொழில் முயற்சியாளர் சங்கத்தின் ஆண்டறிக்கையை இவ்வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கிறேன். நிருவாகக் குழுக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. தீர்மானங்கள் கூட்டக் குறிப்பேட்டில் உள்ளமையால் அவற்றை இங்கு விரிக்கவில்லை. புதிதாகத் தொழில் தொடங்கிய அங்கத்தவர்கள் தமது பொருளை யாருக்கு, எங்கே, எவ்வாறு விற்றார்கள் என்பதற்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளேன். 2009 இல் போர் முடிந்த பின்னர் பயிற்சியும் கடனும் இயந்திரமும் வன்னிக்குப் பல வழிகளில் வந்தன. ஆயினும் மா அரைக்கும் இயந்திரத்தைத் தந்துவிட்டுச் சென்றவர்களில் பலர், அந்த மாவை யார் வாங்குவார் என்ற கேள்வியை எம்மிடமே விட்டுச் சென்றார்கள்.

புதியவரின் முதல் வாடிக்கையாளர்கள் இனசனமும் அயலவருமே. முதல் மாதம் உற்சாகப்படுத்துவதற்காக வாங்குகிறார்கள். அடுத்த மாதம் கடனாகக் கொப்பியில் எழுதச் சொல்கிறார்கள். காலபோக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும்வரை அந்தக் கொப்பி மூடப்படுவதில்லை என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. இதனை எவரது குற்றமாகவும் குழு கருதவில்லை. ஆனால் முகம் தெரிந்தவர்களை மட்டும் நம்பித் தொடங்கிய தொழில்களே ஆண்டின் நடுப்பகுதியில் மூலப்பொருள் வாங்கவும் காசின்றி நின்றன. எனவே தொடங்கிய நாளிலிருந்தே முகம் தெரியாத வாடிக்கையாளரைத் தேட வேண்டுமென்று புதிய அங்கத்தவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அவ்வாறு தேடியவர்களில் பலர் முதலில் செய்தது சந்தியில் பதாகை கட்டியதுதான். முயற்சியாளரின் படம் பெரிதாகவும் பொருளின் படம் சிறிதாகவும் அச்சிடப்பட்ட அப்பதாகைகள் எமது வெயிலில் விரைவிலேயே வெளிறிப்போயின. அந்தப் பணத்துக்குச் சிறு மாதிரிப் பொதிகள் செய்து கடைகளுக்குக் கொடுத்திருக்கலாம் என்பதே குழுவின் கருத்து.

இதற்கு மாறாக, முறிகண்டியில் கிடைத்த அனுபவம் விரிவாகக் கூறத்தக்கது. ஏ9 வீதியில் செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்பதும், பயணிகள் தேங்காய் உடைத்துக் கும்பிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவதும் நெடுநாள் வழக்கம். அங்கு கச்சான் விற்பவர்களுக்குப் பதாகை தேவைப்படவில்லை. ஆட்கள் நிற்கும் இடத்தில் அவர்களும் நாள் தவறாமல் இருக்கிறார்கள். எமது அங்கத்தவர்கள் சிலர் அவர்களுடன் பேசி, பனங்கட்டி, புழுக்கொடியல் (அவித்து உலர்த்திய பனங்கிழங்கு), மோர்மிளகாய், ஒடியல் மா (அவிக்காமல் உலர்த்திய பனங்கிழங்கின் மா) ஆகியவற்றை அங்கே விற்பனைக்கு வைத்தார்கள். பனங்கட்டியும் புழுக்கொடியலும் கேட்பாரின்றி இருக்கவில்லை. ஒடியல் மாவைத் தெற்கிலிருந்து வந்த பயணிகள் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, அது என்னவென்று தெரியாமல் திருப்பி வைத்தார்கள். பொதியில் தமிழ் மட்டுமே இருந்தது. எப்படிச் சமைப்பது என்ற ஒரு வரிகூட இருக்கவில்லை. அதன் பின்னர் மும்மொழியிலும் பெயரையும் சமைக்கும் முறையையும் அச்சிட்டோம். எனினும் பேருந்தில் போகிறவருக்கு வாயில் போடக்கூடிய பொருளும், ஆடி ஆவணியில் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து கூழ் காய்ச்சக் கேட்பவர்களுக்கு ஒடியல் மாவும் என்று பிரித்துக்கொண்டதே கூடுதலாகப் பயன் தந்தது.

பொதியைப் பற்றி மேலும் ஒன்று கூற வேண்டும். தருமபுரத்தைச் சேர்ந்த அங்கத்தவர் ஒருவர் மோர்மிளகாய்ப் பொதியில் தமது தொலைபேசி இலக்கத்தைச் சிவப்பு மையால் கையெழுத்தில் எழுதியிருந்தார். உப்பு ஈரத்தில் மை கரைந்து, கடைசி இரண்டு எண்களும் அழிந்துவிட்டன. வவுனியாவில் அதனை விற்று முடித்த கடைக்காரர் மீண்டும் எடுக்க விரும்பியும் தொடர்புகொள்ள முடியவில்லை. பொதி கொண்டு சென்ற பேருந்து நடத்துநரைப் பிடித்தே ஆளைத் தேடிக் கண்டார். எல்லாக் கடைக்காரரும் அவ்வளவு மினைக்கெடமாட்டார்கள். நிகர நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை, தயாரிப்பவரின் பெயர், முகவரி என்பவற்றோடு தொலைபேசி இலக்கமும் அழியாத அச்சில் இருக்கட்டும். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகத்தை நாடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பதிவில்லாத பொருளைப் பெரிய கடைகள் ஏற்பதில்லை.

வட்ஸ்அப், முகநூல் ஆகியவற்றைப் பயன்படுத்தாதவர் எம்மிடையே அநேகமாக இல்லை. காலை வணக்கப் படத்தையும் விளம்பரத்தையும் எல்லாக் குழுக்களுக்கும் மாறிமாறி அனுப்பியவர்களின் செய்திகளை எவரும் திறந்து பார்க்கவில்லை. அன்று செய்த பொருளின் படத்தை விலையுடன் அனுப்பியவர்களுக்கு ஓடர் கிடைத்தது. விலை கேட்டால் இன்பொக்ஸ் வரச் சொல்லும் பழக்கத்தை அங்கத்தவர்கள் கைவிட வேண்டும். விலையை மறைப்பவர் கூடுதலாகக் காசு வாங்கப்போகிறார் என்றே ஆட்கள் எண்ணுகிறார்கள். அறிவியல்நகரில் பொறியியல் பீட மாணவர்களுக்கு மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கும் அங்கத்தவர், அன்றைய கறிகளையும் விலையையும் முதல்நாள் இரவே அறிவிப்பதால், எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதும் அவருக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வைகாசிப் பொங்கலின்போது அங்கத்தவர்கள் வைத்த கடைகளில் நல்ல விற்பனை நடந்தது. ஆனால் வாங்கியவர்களின் தொலைபேசி இலக்கங்களைக் குறித்துக்கொள்ளாததால், அவர்களில் அநேகரை மீண்டும் அணுக வழியில்லாமற் போயிற்று. இனி ஒவ்வொரு கடையிலும் பதிவுக் கொப்பி ஒன்று இருத்தல் வேண்டும்.

விற்ற பின் காசு என்ற ஒழுங்கில் பொருள் கொடுத்த அங்கத்தவர்கள் இருவருக்கு, கடையொன்று மாதக்கணக்கில் காசு தராது இழுத்தடித்து, இறுதியில் காலாவதியான பொதிகளைத் திருப்பித் தந்தது. இனி பொருளின் எண்ணிக்கை, காசு தரும் நாள், திருப்பி எடுக்கும் காலம் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறாமல் கடைக்குப் பொருள் கொடுப்பதில்லை என நிருவாகக் குழு தீர்மானித்துள்ளது. அதற்கான படிவம் செயலாளரிடம் இலவசமாகக் கிடைக்கும்.

எதிர்வரும் ஆண்டில் மும்மொழி லேபல்களைச் சங்கத்தின் ஊடாக ஒன்றாக அச்சிடுவது, மாங்குளத்திலும் பரந்தனிலும் வீதியோர விற்பனைக்கு உரிய உள்ளூராட்சிச் சபைகளிடம் அனுமதி கோருவது ஆகிய இரு முன்மொழிவுகள் இப்பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்காக முன்வைக்கப்படுகின்றன. அச்சுச் செலவு பற்றிய விபரம் அடுத்து வாசிக்கப்படும் பொருளாளரின் கணக்கறிக்கையில் உள்ளது.

இங்ஙனம்,
செயலாளர்