பாக்கியைக் கட்டுங்கள்: டென்னசி சட்டமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டென்னசி மாநில ஆளுநருக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நாஷ்வில்லில் குடியிருந்து விற்பனை வரியும் வீட்டு வரியும் கட்டிவரும் தமிழர்களில் நானும் ஒருத்தி. இதே ஊரில் இருக்கும் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு நீங்கள் தர வேண்டிய பாக்கிக்காக இதை எழுதுகிறேன்.

1890ஆம் ஆண்டின் இரண்டாம் மோரில் சட்டம் மாநிலங்களுக்கு இரண்டு வழிகளைக் கொடுத்தது. மத்திய அரசின் நிதியில் நடக்கும் கல்லூரியில் கறுப்பின மாணவர்களையும் சேர்க்கலாம். இல்லையென்றால் அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி நடத்தி, நிதியை நியாயமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். டென்னசி தனிக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தது. 1912இல் திறந்த அந்தக் கல்லூரிதான் இன்றைய டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம். நியாயமான பங்குதான் வரவில்லை.

வேளாண் ஆராய்ச்சிக்கும் விரிவாக்கப் பணிக்கும் மத்திய அரசு ஒரு டாலர் தந்தால் மாநிலமும் ஒரு டாலர் போட வேண்டும் என்பது விதி. ஆனால் 1890 சட்டத்தில் வந்த கறுப்பினக் கல்லூரிகள் என்றால், பாதியைப் போட்டுவிட்டு மீதிக்கு விலக்குக் கேட்க ஒரு சந்து இருக்கிறது. மெக்மின்வில்லில் நாற்றங்கால் விவசாயிகளுக்காக இந்தப் பல்கலைக்கழகம் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறது. மாநிலப் பங்கு வராத ஆண்டுகளில் அடிபடுவது இத்தகைய வேலைகளும் அவற்றை நம்பியிருக்கும் சிறு விவசாயிகளும்தான்.

பாக்கி எவ்வளவு என்று வெளியாள் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஹெரால்ட் லவ் ஜூனியர் முன்னின்ற உங்கள் சபைக் குழுவே 2021இல் பழைய பட்ஜெட் ஏடுகளைப் புரட்டிப் பார்த்தது. தராமல் விட்ட தொகை ஏறத்தாழ 15 கோடி டாலரிலிருந்து 54 கோடி டாலர் வரை இருக்கலாம் என்றது. அவருடைய தந்தையும் இதே சபையில் உறுப்பினராக இருந்து, இதே பாக்கியைத் தேடிக் கணக்குப் பார்த்தவர். ஒரு கடனை வசூலிக்க ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை உழைக்க வேண்டியிருந்தது என்பதை நினைக்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

2023இல் மத்தியக் கல்வித்துறையும் வேளாண்துறையும், இத்தகைய கறுப்பினக் கல்லூரிகளுக்குக் குறைவாகக் கொடுத்த 16 மாநிலங்களின் ஆளுநர்களுக்குக் கடிதம் அனுப்பின. முன்பு வெள்ளையர்களுக்கென நடந்த நாக்ஸ்வில் டென்னசி பல்கலைக்கழகத்துக்கு மாணவர் ஒருவருக்குக் கிடைத்த அதே அளவு பணம் 1987 முதல் 2020 வரை இங்கேயும் வந்திருந்தால், கூடுதலாக 210 கோடி டாலர் சேர்ந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு. பதினாறு மாநிலங்களில் அதுதான் மிகப் பெரிய தொகை. இத்தகைய கல்லூரி உள்ள டெலவேரும் ஒஹாயோவும் அந்தப் பட்டியலில் இல்லை. சமமாகக் கொடுக்க முடியும் என்பதற்கு அவையே சாட்சி.

2022இல் நீங்கள் 25 கோடி டாலர் ஒதுக்கினீர்கள். நன்றி. கட்டடங்களைச் செப்பனிட வந்த பணம் அது. பிறகு பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் சிக்கியபோது, அதிலிருந்தே ஒரு பகுதியை அன்றாடச் செலவுக்குத் திருப்ப 2025இல் உடன்பாடு ஆனது. கூரைக்கு வைத்த பணத்தில் சம்பளம் கொடுத்தால், கூரை ஒழுகிக்கொண்டுதானே இருக்கும்?

நிர்வாகம் சரியில்லை என்கிறீர்கள். 2024இல் அறங்காவலர் குழு முழுவதையும் சட்டம் போட்டுக் கலைத்தீர்கள். குறை இருந்தால் தணிக்கை செய்யுங்கள், பொறுப்பானவர்களைக் கேளுங்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கடன்பட்டவர், கொடுத்தவரின் வீட்டுச் செலவைக் காட்டித் தவணையைத் தள்ளிப்போடுவது எந்த ஊரில் நியாயம்?

இதில் தலையிட எனக்கென்ன உரிமை என்று கேட்கலாம். நாக்பூரில் தங்கிக் காந்தியின் வழியைக் கற்றுவந்த ஜேம்ஸ் லாசன், இந்த ஊர் மாணவர்களுக்கு அகிம்சைப் போராட்டத்தில் பயிற்சி கொடுத்தார். அவர்கள் 1960இல் கறுப்பினத்தவருக்கு இடம் தராத உணவகங்களில் உட்கார்ந்து அடி வாங்கினார்கள். மறு ஆண்டு, பேருந்துகளில் இனப் பிரிவினையை எதிர்த்த விடுதலைப் பேருந்துப் பயணத்தில் போனதற்காக இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 14 மாணவர்கள் நீக்கப்பட்டார்கள். 2008இல்தான் அவர்களுக்குக் கௌரவப் பட்டம் வந்தது. அந்த இயக்கம் திறந்துவிட்ட காலத்தில்தான் 1965 குடியேற்றச் சட்டமும் வந்தது. என்னைப் போன்றவர்கள் இங்கே வந்து வாழ முடிந்தது அதனால்தான்.

ஜனவரியில் சபை கூடும்போது, உங்கள் குழு கண்ட தொகையில் ஒன்றை முடிவு செய்யுங்கள். எத்தனை ஆண்டுகளில், ஆண்டுக்கு எவ்வளவு என்பதைச் சட்டமாக எழுதுங்கள். மேரிலாண்ட் 2021இல் நான்கு கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு 57.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே 15 ஆண்டு வழக்கு நடந்தது. இங்கே வழக்கில்லாமலே நீங்கள் முடிக்கலாம். இனிவரும் ஆண்டுகளின் மாநிலப் பங்கையும் விலக்குக் கேட்காமல் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நாஷ்வில் வாசி ஒருத்தி