யாரும் வாங்காத நல்ல பிஸ்டல்: ரேஞ்சுத் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். "அண்ணே, இந்த ஃபைன்வெர்க்பா ஏர் பிஸ்டலைக் கொடுத்துட்டு மோரினி பிஸ்டல் வாங்கிடலாம்னு அப்பா சொல்றாரு. நம்ம ரேஞ்சுல வேற யாருமே இதை வச்சுக்கல. அப்ப இதுல ஏதோ குறை இருக்கணும்தானே?" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு வேறு சில பெற்றோரும் என் லேத் பட்டறைக்கு வந்து போகிறார்கள். அதனால் பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

நேராகச் சொல்லிவிடுகிறேன்: உன் ஃபைன்வெர்க்பா பி8எக்ஸ் மாடலில் குறை எதுவும் இல்லை. ஆனால் அப்பாவின் பயத்தையும் தட்டிவிட முடியாது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை நடத்துபவருக்கு வெள்ளியின் தரம் எவ்வளவு தெரியுமோ, அதே அளவுக்கு ஓடாத டிசைனில் பணம் முடங்குவதும் தெரியும். அவருடைய பயம் அந்த முடக்கத்தைப் பற்றியது. உன்னுடைய கேள்வி பிஸ்டலின் தரத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம்.

தரத்தை முதலில் பார்ப்போம். 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஐ.எஸ்.எஸ்.எஃப். என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனத்தின் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. ட்ரிக்கரை இழுக்கத் தேவைப்படும் எடை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் உள்ள பெட்டிக்குள் மொத்தப் பிஸ்டலும் அடங்க வேண்டும். இந்த எல்லைக்குள் மோரினி, ஸ்டெயர், வால்தர், பார்டினி, ஃபைன்வெர்க்பா எதை எடுத்து வைஸில் பூட்டிச் சுட்டாலும் குண்டுகள் ஏறக்குறைய ஒரே துளையில் விழும். இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ.; அதற்குள் தாராளமாக அடங்கும். நம் கை ஆடுகிற ஆட்டத்துக்கு முன்னால் இந்தப் பிஸ்டல்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

ஃபைன்வெர்க்பா ஒன்றும் நேற்று முளைத்த கம்பெனி இல்லை. ஜெர்மனியில் நெக்கர் நதிக்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிறிய ஊர். மவுசர் ஆலையில் வேலை பார்த்த பொறியாளர்கள் போருக்குப் பிறகு அங்கே தொடங்கியது. 1960களில் அவர்கள் கொண்டுவந்த மாடல் 65 ஏர் பிஸ்டலைச் சுட்டால் மேல்பாகம் முழுவதும் தண்டவாளத்தில் பின்னோக்கிச் சறுக்கி உதைப்பை விழுங்கிவிடும். வருடக்கணக்கில் போட்டிகளில் கோலோச்சிய பிஸ்டல் அது. இன்றைக்கும் நம் ரேஞ்சில் ரைஃபிள் பக்கம் போய்ப் பார், ஃபைன்வெர்க்பா வைத்திருப்பவர்களைத் தேட வேண்டியதில்லை. அதே ஆலையின் பிஸ்டல்தான் இந்தப் பக்கம் தனியாக நிற்கிறது. உலோகமும் அதேதான், கைகளும் அதேதான். பிறகு ஏன்?

துப்பாக்கிச் சரித்திரத்தில் இந்தக் கேள்விக்குத் தெளிவான விடை சொல்லும் கதை ஒன்று உண்டு. 1984இல் அமெரிக்க ராணுவம் புதிய கைத்துப்பாக்கிக்குப் பரிசோதனை நடத்தியது. கடைசிவரை தாக்குப்பிடித்தவை இரண்டு: இத்தாலியின் பெரெட்டா 92, சிக் சாவரின் பி226. ஒரு துப்பாக்கியின் விலையை மட்டும் பார்த்தால் சிக் கொஞ்சம் மலிவு. மேகசின், உதிரிபாகங்கள் எல்லாம் சேர்த்து மொத்தமாகக் கணக்குப் போட்டபோது பெரெட்டா கீழே வந்தது. 1985 ஜனவரியில் ஒப்பந்தம் பெரெட்டாவுக்குப் போனது. பி226 சுடுவதில் தோற்கவில்லை கண்ணு, ஸ்பேர் பார்ட்ஸ் விலைப்பட்டியலில் தோற்றது. பிறகு அமெரிக்கக் கடற்படையின் 'சீல்' என்ற சிறப்புப் படை வீரர்களே அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம்.

எனக்கு இதில் பிடிபட்டது இதுதான்: எவரும் துப்பாக்கியை மட்டும் தனியாக வாங்குவதில்லை. அதைச் சுற்றி இருக்கிற மேகசின், உறை, காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல், அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆள், நாளைக்கு அதை வாங்கிக்கொள்ளப் போகிறவன் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். க்ளாக் ஜெயித்ததும் இப்படித்தான். ஆஸ்திரிய ராணுவம் 1980களின் தொடக்கத்தில் புதுத் துப்பாக்கி தேடியபோது, பரம்பரைப் பெருமை உள்ள ஸ்டெயர் கம்பெனி ஜி.பி. என்ற 18 குண்டு கொள்ளும் நல்ல பிஸ்டலோடு நின்றது. எதிரில் நின்ற காஸ்டன் க்ளாக் அதற்கு முன்னால் துப்பாக்கியே செய்ததில்லை. அவருடைய க்ளாக் 17இல் மொத்தப் பாகங்கள் 34 அளவில்தான். ராணுவம் 1982இல் அதைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டெயர் ஜி.பி. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தியே நின்றுபோனது. அமெரிக்காவில் க்ளாக் போலீஸ் துறைகளின் பழைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு புதியதைக் கொடுத்தது, பழுது பார்க்கும் போலீஸ்காரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சியும் கொடுத்தது. ஒரு துறையே அதைத் தூக்கிக்கொண்டால் உறை தைப்பவரும் சைட் செய்பவரும் அதற்குத்தான் முதலில் செய்வார்கள். அடுத்து வாங்குபவனுக்கு எது வசதி என்று சொல்லவே தேவையில்லை.

பிரபலமாகாத எல்லாத் துப்பாக்கிக்கும் அநியாயம் நடந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஹெக்லர் அண்ட் காக் பி7 உன் பிஸ்டல் பிறந்த அதே ஓபர்ன்டார்ஃப்காரன்தான். பிடியின் முன்பக்கத்தை விரல்களால் அழுத்தினால் சுடத் தயாராகும், விட்டால் அடங்கிவிடும். நிலையான குழல், அபாரமான குறி. படிக்கும்போதே ஆசையாக இருக்கும். ஆனால் சுடும்போது வெளிவரும் வாயுவை ட்ரிக்கருக்கு மேலே ஒரு சிறிய சிலிண்டருக்குள் திருப்பிவிடுகிற அமைப்பு என்பதால், விடாமல் சுட்டால் அந்த இடம் சூடாகிவிடும். செய்வதற்குச் செலவும் அதிகம். அதை வாங்காமல் போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

அரசியல் கெடுத்தவையும் உண்டு. செக்கோஸ்லோவாக்கியாவின் சி.இசட். 75 கைக்குள் அப்படியே உட்காரும் துப்பாக்கி என்று பிடித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பனிப்போர்க் காலத்தில் இரும்புத்திரைக்குப் பின்னால் செய்யப்பட்டதால் அமெரிக்கச் சந்தைக்கு ஒழுங்காக வரவில்லை. அதன் காப்புரிமை உள்நாட்டில் ரகசியமாகப் பதிவானதால் வெளிநாட்டில் பாதுகாப்பும் இல்லை. இத்தாலியில் டான்ஃபோலியோ தொடங்கிப் பல நாட்டுக்காரர்கள் அதே மாதிரியில் செய்து விற்றார்கள். அசல் ஒரு மூலையில், நகல்கள் ஊரெல்லாம். இந்த 9 மி.மீ. துப்பாக்கி எதுவும் நம் கைக்கு வரப்போவதில்லை. இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட குழல் அளவு, சாதாரணக் குடிமக்களுக்கு லைசென்ஸ் கிடையாது. நடந்த கணக்கு புரிவதற்காகச் சொன்னேன்.

சேலத்தில் பிறந்தவனுக்கு மாம்பழத்தை வைத்து ஒரே ஒரு முறை சொல்லிவிடுகிறேன். தின்றவனைக் கேட்டால் இமாம் பசந்த் என்பான். கூழ் ஆலைக்கு லாரி லாரியாகப் போவது பெங்களூராதான். தோல் தடிப்பு, அடிபட்டாலும் தாங்கும். லாரிக்காரனுக்கு ருசி கணக்கில் இல்லை.

இனி உன் பிஸ்டலுக்கு வருவோம். மோரினி சி.எம். 162இன் மின் ட்ரிக்கர் மாடல் 1990களின் தொடக்கத்திலிருந்து அடிப்படையில் பெரிதாக மாறாமல் வருகிறது. அதனால் பத்து வருடத்துக்கு முன் வாங்கியவரின் அனுபவம் இன்றைக்கு வாங்குபவனுக்கும் அப்படியே உதவும். கோச் உன் பின்னால் நின்றபடியே எந்தத் திருகு எதற்கென்று சொல்லிவிடுவார். உன் பி8எக்ஸ் என்றால் அவர் மேனுவலைப் புரட்ட வேண்டும். பக்கத்து லேன்காரரிடம் கடன் வாங்க ஒரு சீல் இருக்காது, உன் கை அளவுக்கு மாற்றிப் பார்க்க இன்னொரு கிரிப் இருக்காது. நாளைக்கு விற்கப் போனால் விலையை அடித்துக் கேட்பார்கள். நீ வாங்கும்போது உனக்கு மலிவாகக் கிடைத்ததற்கும் இதுவேதான் காரணம் என்பதை அப்பாவிடம் எடுத்துச் சொல்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், சுடுவதற்கான அழுத்தக் காற்றை அடைத்திருக்கும் சிலிண்டர். அதைக் கழற்றிக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் உருட்டிப் பார். உடம்பில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும். அதிலிருந்து கம்பெனி சொல்லும் கெடு பெரும்பாலும் பத்து வருடம். அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டரோடு ஐ.எஸ்.எஸ்.எஃப். போட்டிக்குப் போகக்கூடாது, தேதியைப் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. 200 பார் காற்றை அடைத்து முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிற பொருள், விளையாட்டு இல்லை. எல்லாரும் வைத்திருக்கும் பிராண்டுக்குப் புதுச் சிலிண்டர் டீலரிடமே இருக்கும். உன்னுடையதற்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகலாம். செகண்ட்ஹேண்டில் வாங்கிய பிஸ்டல் என்பதால் இந்தத் தேதிதான் உன் முடிவையே தீர்மானிக்கும். ட்ரிக்கரை எத்தனை நாள் வேண்டுமானாலும் பழகிச் சரிசெய்யலாம், முடிந்துபோன தேதியை எவராலும் சரிசெய்ய முடியாது.

இங்கே ஒரு கண்டிப்பு. நம் பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் அதிகம், ஹைட்ராலிக் சீல் கடைகளும் அதிகம். எந்த அளவு ஓ-ரிங் கேட்டாலும் பத்து நிமிடத்தில் எடுத்துப் போடுவார்கள். லோடிங் பக்கம் குழல் வாயில் இருக்கும் சின்ன ஓ-ரிங் போன்றதை அளவும் கடினத்தன்மையும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம், நானே செய்து தருகிறேன். சிலிண்டர் வால்விலும், காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலும் எந்த லேத் பட்டறையும் கைவைக்கக்கூடாது, என் பட்டறை உட்பட. அங்கே கம்பெனி சீல், கம்பெனி சொல்லும் கிரீஸ் மட்டும்தான். மெஷின் ஆயிலை அழுத்தக் காற்றுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. ஏற்காட்டுக்குப் போகிற வழியில் பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கமும் வேண்டாம்.

காற்று நிரப்பும் அடாப்டர் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். இதில் உனக்கு ஒரு வசதி இருக்கிறது: ரைஃபிள்காரர்களிடம் ஃபைன்வெர்க்பா அடாப்டர் இருக்கிறது. உன் சிலிண்டருக்கு அது பொருந்துமா என்று டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். கண்ணால் பார்த்துத் திருகிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

கூட்டத்தோடு போனால் பிழைத்துவிடலாம் என்றும் நினைக்காதே. 2021 ஜூலையில் டோக்கியோவில் மனு பாக்கர் 10 மீட்டர் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருந்தபோது பிஸ்டல் பழுதாகி நேரம் போனதை நாம் எல்லாரும் டி.வி.யில் பார்த்தோம். 575 எடுத்து 12ஆம் இடம். இறுதிச் சுற்றை 2 புள்ளியில் இழந்தார். அவர் கையில் இருந்தது உலகம் முழுக்கப் பழகிய ரகம்தான். அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். எந்த இயந்திரமும் பழுதாகும். பழுதாகும்போது உன்னிடம் மாற்று என்ன இருக்கிறது என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும், பிராண்ட் எதுவாக இருந்தாலும்.

நான் உன் இடத்தில் இருந்தால் விற்க மாட்டேன். போன மாதம் நீ என் முன்னால் செய்து காட்டினாயே: கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி நீட்டி, கண்ணைத் திறந்தபோது முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவில், இரண்டு பக்கமும் சமமான வெளிச்சத்தோடு நின்றது. அந்த கிரிப் உன் கைக்கு வாய்த்த கிரிப். உள்ளங்கைக் குழியில் இன்னும் கொஞ்சம் இடைவெளி இருக்கிறது என்றாய். அதற்கு வுட் புட்டி வைத்து, காய்ந்தபின் அரத்தால் இழைத்துக்கொள்ளலாம். அந்த வேலைக்கு உன் அப்பாவைவிட நல்ல கை சேலத்தில் எங்கே தேடுவது? கிரிப் மணிக்கட்டைத் தொடக்கூடாது என்ற விதியை மட்டும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

ட்ரிக்கரையும் இந்த வாரமே பார்த்துவிடலாம். போட்டியில் பரிசோதனை மேஜையில் 500 கிராம் எடைக்கல்லை ட்ரிக்கரில் மாட்டி, குழலை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, மெதுவாகத் தூக்குவார்கள். கல் மேஜையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிக்கர் விழுந்துவிடக்கூடாது. மூன்று முயற்சிதான். சரியாக 500இல் நிறுத்திவைத்தால் அங்கே போய்க் கை நடுங்கும், கொஞ்சம் கூடவே வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறைக்கு வா. பிஸ்டல், சிலிண்டர், மேனுவல், வாங்கிய பில் எல்லாவற்றையும் எடுத்து வா, முடிந்தால் அப்பாவையும் கூட்டி வா. சிலிண்டர் தேதிக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தால் வைத்துக்கொள்ளலாம், அன்றைக்கே டீலருக்குப் புதுச் சிலிண்டரும் ஒரு சீல் செட்டும் கேட்டு மெயில் போட்டுவிடுவோம். அதைவிடக் குறைவாக இருந்து, டீலரும் கையை விரித்துவிட்டால், அப்போது அப்பா சொல்வதுதான் சரி. நானே உனக்கு ஒரு நல்ல மோரினி தேடித் தருகிறேன்.

அன்புடன்,
உன் லேத் பட்டறை அண்ணன்