நெட் கம்பெனியைத் திட்டும் முன் ஐ.பி.யைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுபோனதால் பள்ளி லேப், டி.டி.பி. கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று பல இடங்களில் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் போடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாதி இன்ஸ்டாலேஷனில் நெட் நின்றுவிட்டால் பழி லினக்ஸ் மேல் விழுகிறது, இல்லாவிட்டால் இணைப்பு கொடுத்தவர் மேல். நான் போய்ப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரியை (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்க வேண்டிய எண்) இரண்டு கருவிகள் வைத்திருந்தன, அவ்வளவுதான்.

டெபியன் என்ற லினக்ஸைப் போடும்போது ரவுட்டரிடமிருந்து முகவரி தானாகக் கிடைக்காவிட்டால் நீங்களே கொடுங்கள் என்று ஒரு திரை வரும். அங்கேதான் வாய்க்கு வந்த எண்ணைத் தட்டிவிடுகிறார்கள். வாசலில் மாட்டியிருக்கும் கைரேகை மெஷின்களில் பல, தயாரிப்பிலேயே 192.168.1.201 என்ற முகவரியோடு வருபவை. சில கேமரா டி.வி.ஆர். பெட்டிகளுக்கு 192.168.1.108. அதே எண்ணைப் புதுக் கணினிக்கும் கொடுத்தால் டவுன்லோடு கொஞ்சம் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும், ஏனென்றால் வரும் தரவை ரவுட்டர் ஒரு சமயம் இதற்கும் ஒரு சமயம் அதற்கும் அனுப்பிக்கொண்டிருக்கும். விண்டோஸாவது முகவரி மோதல் என்று சொல்லும், லினக்ஸ் இன்ஸ்டாலர் பெரும்பாலும் வாயே திறக்காது.

புதுக் கணினியின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துக் கணினியிலிருந்து அந்த முகவரிக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்கும் கட்டளை) கொடுத்துப் பாருங்கள். பதில் வந்தால் அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள். வராவிட்டாலும் அந்தப் பக்கத்துக் கணினியின் ஏ.ஆர்.பி. பட்டியலை (எந்த ஐ.பி. எந்தக் கருவியிடம் என்ற குறிப்பு) ஒருமுறை பார்ப்பது நல்லது, பிங்குக்குப் பதில் சொல்லாத கருவியின் மேக் முகவரியும் (தயாரிப்பிலேயே கருவிக்குக் கொடுக்கும் அடையாள எண்) அதில் மாட்டிக்கொள்ளும், அதன் முதல் பாதியை வைத்தே பெரும்பாலும் எந்தக் கம்பெனிப் பொருள் என்று தெரிந்துவிடும். முகவரி 169.254 என்று ஆரம்பித்தால் அது மோதல் இல்லை, ரவுட்டர் எண்ணே தரவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு கூத்தும் உண்டு. உபுண்டு சர்வர் என்ற லினக்ஸை (18.04 பதிப்பிலிருந்து) ஒரு கணினியில் போட்டு அந்த டிஸ்கை அப்படியே மற்றவற்றுக்குக் காப்பி எடுத்தால், /etc/machine-id கோப்பில் இருக்கும் மெஷின் ஐ.டி.யும் (அந்த இன்ஸ்டாலேஷனின் அடையாள எண்) கூடவே போய்விடும். மேக் முகவரி வேறு வேறாக இருந்தாலும் ரவுட்டர் எல்லாவற்றையும் ஒரே ஆளாக நினைத்து ஒரே ஐ.பி.யைக் கொடுக்கும். காப்பி எடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலி செய்துவிட்டால் போதும், அடுத்த பூட்டில் புதிதாக உருவாகிவிடும்.

எனக்கு எரிச்சலே, ஒப்பந்தம் எடுத்து நெட்வொர்க் போட்டுத் தருகிறவர்கள் மேல்தான். எந்தக் கருவிக்கு எந்த முகவரி என்று ஒரு துண்டுச் சீட்டுகூட வைத்துவிட்டுப் போவதில்லை, ரவுட்டர் பாஸ்வேர்டையும் சொல்வதில்லை. பில்லைத் தீர்க்கும் முன் இரண்டையும் எழுதி வாங்குங்கள். கடைசி எண் 20 முதல் 99 வரை ரவுட்டர் தானாகத் தரட்டும், பிரிண்டர், கேமரா, கைரேகை மெஷின் எல்லாம் அதற்கு வெளியே இருக்கட்டும். பள்ளி லேப் டெண்டர்களில் இதை ஒரு நிபந்தனையாகவே சேர்க்கலாம்.

– கணினி பழுதுபார்க்கும் வாசகர், திண்டுக்கல்