கண் எழுதாத துர்க்கை

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்கத்தாவில் சாமி சிலை செய்கிறவர்கள் இருக்கும் குமார்துலிச் சந்தில், வைக்கோல் மேல் களிமண் பூசி, வண்ணம் ஏறாமல், பத்துக் கைகளும் வெறுமையாக நிற்கும் துர்க்கை. முகத்தில் கண் மட்டும் இல்லை. மகாளய அமாவாசையன்று கண் எழுதுவதுதான் பழைய வழக்கம் என்று சொல்லியிருந்தாய். கீழே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "இங்க இவ நாலு பிள்ளைங்களோட அம்மா வீட்டுக்கு வர்ற பொண்ணும்மா. நம்ம ஊர்ல எருமைத்தலை மேல தனியா நிக்கிறா. ரெண்டும் ஒரே சாமியா?"

போனில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கிய கையோடு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள் கும்பகோணத்தில் தஞ்சாவூர் பஸ் ஏறி, பசுபதிகோயிலில் இறங்கி, புள்ளமங்கைக் கோயிலுக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? சோழ ராஜா முதலாம் பராந்தகன் காலத்துக் கற்கோயில், ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. வடக்குச் சுவர் மாடத்தில் ஒரு துர்க்கை. தலைக்கு மேல் குடை, காலடியில் எருமைத்தலை. இரண்டு பக்கமும் மண்டியிட்ட வீரர்கள், தங்கள் உடம்பையே அரிந்து அவளுக்குக் காணிக்கை தருகிறவர்கள். உன் கண்ணை மூடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது நீ அவர்களைப் பார்க்கவே இல்லை. "சிங்கம் சரி, இந்தப் பக்கம் மான் எதுக்கும்மா?" என்று கேட்டாய். பெரியவளானதும் சொல்கிறேன் என்றேன். நீ பெரியவளாகி, வேலைக்கென்று கல்கத்தா போய் இரண்டு வருஷமும் ஆகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன், உன் கேள்விக்குப் பதில் அந்த மானில்தான் ஆரம்பிக்கிறது.

சிங்கம் வடக்கேயிருந்து வந்த துர்க்கையின் வாகனம். மான் நம் கொற்றவையுடையது. பாலை நிலத்துத் தெய்வம் அவள். மழை பொய்த்து, காடு கருகி, வழிப்பறியும் போருமாக வாழ்ந்த எயினர்களின் தாய். சிலப்பதிகாரத்தில் வேட்டுவ வரி என்று ஒரு காதை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் காதை வரும்போதெல்லாம் மணி அடித்தது தெரியாமல் பேசிக்கொண்டிருப்பேன். எயினர்கள் தங்கள் குலத்திலேயே ஒரு சின்னப் பெண்ணைக் கொற்றவையாக அலங்கரிக்கிறார்கள். கூந்தலை உயர்த்தி முடிந்து, சிறு வெண்பாம்பு போன்ற கயிற்றைச் சுற்றுகிறார்கள். கொல்லையை உழக்கிய பன்றியின் கொம்பைப் பிறை நிலாவாகச் செருகுகிறார்கள். கழுத்தில் புலிப்பல் தாலி, இடுப்பில் புலித்தோல், கையில் வில். அப்புறம் அவளைத் திருகிய கொம்புள்ள கலைமான் மேல் ஏற்றி வைக்கிறார்கள்.

பார், நம் ஊரிலும் அவள் ஒரு வீட்டுப் பெண்ணாகத்தான் வந்திருக்கிறாள்.

அஷ்டமியன்று உங்கள் கல்கத்தா பக்கத்துப் பேலூர் மடத்தில் குமாரி பூஜை நடக்கும். ஒரு சிறுமியை உட்கார வைத்து, அம்பாளாகவே பாவித்துப் பூ போடுவார்கள். 1901-இல் விவேகானந்தர் அங்கே தொடங்கி வைத்தது. கூட்டம் நெரியும், இருந்தாலும் ஒரு தடவை போய்ப் பார். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கும்போது மான் மேல் ஏறிய எயினப் பெண்ணையும் நினைத்துக்கொள். இது அதிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. தங்கள் வீட்டுப் பெண்ணிடம் அவளைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு ஊர்க்காரர்களுக்கும் தோன்றியிருக்கிறதே, எனக்கு அது போதும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், கார்த்திக் என்று நால்வரோடு அவள் வருவது உனக்குப் புதுசாக இருக்கிறது. லட்சுமியும் சரஸ்வதியும் அவளுக்கு மகள்கள் என்பது எனக்கும் புதுசுதான். ஆனால் முருகன் புதுசில்லை. திருமுருகாற்றுப்படையில் நக்கீரர் அவனைக் 'கொற்றவை சிறுவ' என்றே கூப்பிடுகிறார். அடுத்த அடியிலேயே 'பழையோள் குழவி' என்கிறார். அந்தக் காலத்திலேயே அவளுக்குப் 'பழையவள்' என்று பெயர்! நம் மாடத்துத் துர்க்கை தனியாக நிற்கிறாளே தவிர, பிள்ளை இல்லாதவள் இல்லை.

இன்னொரு இடத்தையும் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. கண்ணகி ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் வாசலில் நிற்கிறாள். வாயில் காவலன் அரண்டுபோய் உள்ளே ஓடி ராஜாவிடம் சொல்கிறான்: வந்திருப்பவள் எருமைத்தலைப் பீடத்தில் ஏறிய கொற்றவை இல்லை, ஏழு பேரில் இளையவளான பிடாரி இல்லை, இறைவனை ஆட வைத்த அணங்கு இல்லை, காட்டை விரும்பும் காளி இல்லை, தாருகன் என்ற அசுரனின் மார்பைக் கிழித்தவளும் இல்லை. ஒவ்வொன்றாக இல்லை இல்லை என்கிறான். ஆனால் நியாயம் கேட்டு வந்த ஒரு பெண்ணைப் பார்த்தவுடன் அத்தனை பேரும் அவன் நாக்கில் வந்து நிற்கிறார்கள். ஆயிரம் தடவை படித்திருப்பேன். இப்போது எழுதும்போதும் கை சிலிர்க்கிறது.

அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருத்தியும் தொலைந்து போகவில்லை. தாருகனைக் கிழித்தவள் கேரளத்தில் பத்ரகாளியாக இருக்கிறாள், முடியேற்று ஆட்டத்தில் இன்றும் அவனோடு சண்டை போடுகிறாள். ஆட வைத்தவள் சிதம்பரத்தில் தில்லைக் காளி. ஏழு பேரில் இளையவள் நம் ஏரிக்கரையிலேயே இருக்கிறாள். வேப்பமரத்தடியில் வரிசையாக ஏழு கல், கன்னிமார் என்று உன் ஆத்தா மஞ்சள் பூசி வைப்பாளே, அதில் கடைசிக் கல். சாமுண்டி என்பதும் அவள் பெயர்தான். அஷ்டமி முடிந்து நவமி தொடங்கும் 48 நிமிஷத்தில், உங்கள் பந்தலில் 108 விளக்கு ஏற்றிச் சந்தி பூஜை செய்வார்களே, அது இந்தச் சாமுண்டிக்குத்தான். சண்டன், முண்டன் என்ற அசுரர்களை அவள் கொன்ற நேரம் அது. மின் விளக்குத் தோரணமும் தாக் மேளமுமாக நீ கும்பிடுகிறவளும், நம் ஏரிக்கரையில் சொரசொரவென்று கிடக்கும் கல்லும் ஒருத்தி.

இதை நானாகச் சொல்லவில்லை. அவள் கதையைச் சொல்லும் வடமொழி நூலான தேவி மாகாத்மியத்தில் அவளே சொல்கிறாள். சும்பன் என்ற அசுரனோடு கடைசிச் சண்டை. ஏழு மாதர்களும் காளியும் அவளைச் சுற்றி நின்று போரிடுகிறார்கள். அவனுக்குப் பொறுக்கவில்லை. 'மற்றவர்கள் பலத்தில் சண்டை போட்டுக்கொண்டு பெருமையா பேசுகிறாய்?' என்கிறான். அவள், 'உலகத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், எனக்கு இரண்டாவதாக யார் இருக்கிறார்கள்? இவர்கள் என் சக்திகள், பார்' என்கிறாள். அத்தனை பேரும் அவள் உடம்புக்குள் போய்விடுகிறார்கள். களத்தில் அவளும் அவனும் மட்டும் நிற்கிறார்கள். அந்தச் சும்பனின் தம்பி நிசும்பன். 9-ஆம் நூற்றாண்டில் விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடித்ததும் அந்த நிசும்பனை அழித்தவளுக்குக் கோயில் எடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. ராஜாக்களுக்கு அவள் வெற்றி கொடுப்பவள். அது அவர்கள் கணக்கு.

எனக்கு அவள் வேறு மாதிரி. மூன்றாவது படிக்கும்போது உனக்கு அம்மை போட்டது. உடம்பு முழுக்க முத்து. வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, பதினோரு நாள் உன் பக்கத்திலேயே கிடந்தேன். மருந்து கொடுத்தோம், டாக்டர் வந்து பார்த்தார், எல்லாம் சரி. ஆனால் நடு ராத்திரியில் நீ அனத்தும்போது நான் கூப்பிட்டது மாரியம்மாவை. ஏழு பேரில் இளையவள், பழையோள், எந்தப் பெயரும் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. "தாயே, இறங்கிடு" என்றுதான் வாயில் வந்தது. சூலம் பிடித்த கைதான் வேப்பிலையும் பிடிக்கிறது என்று அந்த ராத்திரியில்தான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

அதனால்தான் வங்காளத்து அம்மாக்களை எனக்கு நன்றாகப் புரிகிறது. இமயத்தில் துர்க்கையின் அம்மா மேனகை காத்திருக்கிறாள். சாம்பல் பூசிய மாப்பிள்ளை, பனிமலைக் குடித்தனம், பெண் சாப்பிட்டாளோ இல்லையோ என்று வருஷம் முழுக்க அவளுக்கு அதே நினைப்பு. எருமை அசுரனைக் கொன்றவளாக இருந்தால் என்ன, மேனகைக்கு அவள் உமா, தூரத்தில் கட்டிக்கொடுத்த பெண். பூஜைக்கு முன்னால் அவளை அழைத்துப் பாடும் ஆகமனிப் பாட்டுகளை உன் தோழி பாடினால் பதிவு செய்து அனுப்பு. மொழி புரியாவிட்டாலும் கேட்கிறேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போனது. சப்தமி விடியற்காலையில் வாழைக்கன்று உள்பட ஒன்பது செடியைக் கட்டிக் கங்கைக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டிச் சிவப்புக் கரைப் புடவை சுற்றுவார்கள். பிள்ளையார் பக்கத்தில் நிற்பதால் அவர் மனைவி என்று நினைத்துக்கொள்வார்கள். அது துர்க்கையேதான், செடி ரூபத்தில். தூக்கம் பார்க்காமல் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்.

இங்கே ஒன்பது படியும் கட்டியாகிவிட்டது. பண்ருட்டியில் வாங்கிய மகிஷாசுரமர்த்தினி பொம்மையில் சூலம் பிடித்த கை போன வருஷமே உடைந்தது அல்லவா, பசை போட்டு ஒட்டினேன், கொஞ்சம் கோணலாக நிற்கிறது. மரப்பாச்சிக்கு நீ சின்ன வயதில் தைத்த பாவாடையைத்தான் இந்த வருஷமும் கட்டியிருக்கிறேன். முதல் நாள் சுண்டல் உனக்குப் பிடித்த வெள்ளைக் கொண்டைக்கடலை.

விஜயதசமியன்று பெண்கள் அவள் வாயில் இனிப்பு ஊட்டி, குங்குமம் பூசி, அழுதுகொண்டே அனுப்பி வைப்பார்களாமே. துர்க்கைக்கு வருஷத்தில் சில நாள் அம்மா வீடு. தீபாவளிக்கு உனக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டுச் சொல். டிக்கெட் சீக்கிரம் போட்டுவிடு, கடைசி நேரத்தில் கிடைக்காது.

அன்புடன்,
அம்மா