உட்கார வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள தெருக்காரர்களுக்கு, வணக்கம்.

ஆனிப் பௌர்ணமியன்று, காரைக்காலில் மாங்கனி இறைக்கிற அதே நாளில், நம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதியை 33 பெண்கள் ஓதி முடித்தோம். ஆளுக்கு மூன்று வெண்பா. மிஞ்சிய இரண்டை எல்லோரும் சேர்ந்து பாடினோம். 101 வெண்பாவும் முடிகிறவரை அடுப்பைப் பார்க்கவோ காபி கலக்கவோ ஒருத்திகூட எழுந்து போகவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியை அம்மாவுக்கு. அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்களெல்லாம் நிற்க, அம்மையார் மட்டும் உட்கார்ந்திருப்பார். "அந்தம்மா உட்கார்ந்திருக்கா. நாமளும் ஒருநாள் உட்காருவோமே" என்று சொல்லித்தான் அவர் எங்களைச் சேர்த்தார். இரண்டு மாதம் செவ்வாய்தோறும் பதம் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் பாட்டு 'இடர்' என்று முடியும். அடுத்தது 'இடர்களையாரேனும்' என்று தொடங்கும். "பக்கத்துல இருக்கறவ வாயைப் பாரு, உன் பாட்டு அங்கேதான் இருக்கு" என்பார். எதிர்வீட்டுக்காரியோடு நான்கு வருடமாகப் பேசாத ஒருத்தி அன்றைக்கு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். (யார் என்று எழுதமாட்டேன்.)

கோடிவீட்டுப் பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. தன் மூன்று வெண்பாவையும் பேத்தியின் போனில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார். அவர் முறை வந்தபோது கரண்டு போய் மைக் அணைந்தது. பாட்டி நிறுத்தவில்லை. அந்தக் குரல் வாசலில் செருப்புக்குக் காவலிருந்த பையன்வரை கேட்டதாம். அந்தப் பேத்திக்கும் நன்றி.

கடைசி வெண்பாவில் அம்மையார் தன்னைக் 'காரைக்கால் பேய்' என்றே சொல்லிக்கொள்கிறார். அழகை வேண்டாமென்று உதறிப் பேயுருவை ஏன் கேட்டு வாங்கினார் என்று ஒத்திகையில் ஒரு கல்லூரிப் பெண் கேட்டாள். "பேய்க்கு யாரும் பொட்டு வைக்கச் சொல்ல மாட்டாங்கடி" என்றார் பாட்டி. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் காரணம் வேறுதான். ஆனாலும் எனக்கு அதுவே போதும்.

அடுத்து மடப்பள்ளியில் நின்ற ஆண்களுக்கு. புனிதவதியார் (அம்மையாரின் இயற்பெயர் அதுதான்) வீட்டில் சோறு ஆகிவிட்டது, கறிதான் ஆகவில்லை. அதனால்தான் அடியாருக்கு மாங்கனி இலைக்கு வந்தது. உங்கள் சமையலில் கறி பிரமாதம், சோறு களி. தயிர் ஊற்றியதும் யாருக்கும் தெரியவில்லை, கவலை வேண்டாம். பந்தியில் எங்களை முதலில் உட்காரவைத்துப் பரிமாறினீர்களே, பலருக்குக் கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. ஒருத்தி பழக்கதோஷத்தில் எழுந்து மோர் வாளியைத் தூக்கப் போய்விட்டாள்.

இரண்டு கூடை மாம்பழத்தை அடக்கவிலைக்குத் தந்த பழக்கடைத் தம்பிக்கும், ஜமுக்காளம் கொடுத்த பள்ளிவாசல் தெரு அக்காவுக்கும், வேலை முடிந்து களைத்து வந்தும் கூரையில் விளக்குக் கட்டித்தந்த எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

மண்டபத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கும் இரண்டு கரண்டியும் கிடக்கின்றன. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும். பெரிய அண்டாவை ஆண்கள்தான் தேய்த்து வைத்திருக்கிறார்கள். அடிப்பிடித்தது இன்னும் முழுசாகப் போகவில்லை.

இப்படிக்கு,
முற்றோதலில் உட்கார்ந்த 33 பேர் சார்பில் ஒருத்தி