வெண்பனியில் சிறு ஆந்தை: கேமராவை முன்பே தயார் செய்யுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர்காலம் வந்தால் வாசகர் பக்கத்தில் பனிமரத்தில் அமர்ந்த சிறு ஆந்தைகளின் படங்கள் வருகின்றன. பலவற்றில் பனி சாம்பல் நிறமாக இருக்கிறது, ஆந்தையோ மிரண்டிருக்கிறது. பறவையின் எதிரே போய் நின்ற பிறகுதான் கேமராவைத் திருகத் தொடங்குகிறார்கள். இரண்டு குறையும் அதனால்தான்.

வட அமெரிக்கச் சிறு ஆந்தையான சா-வெட்டின் எடை ஏறக்குறைய 100 கிராம்தான். பிக்மி என்ற ஆந்தை அதைவிடச் சிறியது. பகலில் அடர்ந்த ஊசியிலைக் கிளைக்குள் அசையாமல் இருக்கும் சா-வெட்டை 'பயமே இல்லாத பறவை' என்று நினைத்துவிடாதீர்கள். உடல் ஒடுங்கி நீண்டு, கண்கள் கீற்றாகச் சுருங்கி, ஒரு இறக்கை மார்பின் குறுக்கே வந்துவிட்டால் அது ஒளிந்துகொள்கிறது என்று பொருள். உடனே பின்வாங்க வேண்டும்.

அதனால் எல்லா வேலையையும் தொலைவிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கேமராவின் தானியங்கி ஒளி அளவீடு பனியின் வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒளித் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) +1 முதல் +1⅔ வரை கூட்டினால் பனி வெளுக்கும். ஆனால் பின்னணியில் கரிய மரங்கள் நிறைந்துவிட்டால் அதே கூட்டல் கிளைமேல் இருக்கும் பனியை வெளிறடித்துவிடும். ஒளி அமைப்பை நாமே முடிவுசெய்யும் மேனுவல் முறையில் வைப்பதே நல்லது. அதே வெளிச்சம் விழும் பனியை ஒரு படம் எடுத்து, அதன் விவரம் அழியாத எல்லைவரை ஒளியை ஏற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். மேகம் மறைத்தால் மட்டும் மறுபடி பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200-க்கு அஞ்சி இருட்டாக எடுத்துப் பின்னர் வெளிச்சம் ஏற்றினால் படத்தில் புள்ளிபுள்ளியான இரைச்சல்தான் கூடும்.

அமர்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், பறந்தால் 1/2000 வேண்டும். பனி பொழியும்போது ஆட்டோஃபோகஸ் முன்னால் விழும் துகளைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள். லென்ஸில் தூர வரம்புப் பொத்தான் இருந்தால் அருகிலுள்ள தூரங்களை அடைத்துவிடுங்கள்.

சூடான காரின் ஜன்னல் வழியே எடுத்த படம் எந்த லென்ஸிலும் மங்கலாகத்தான் வரும், வெப்பக்காற்று அலைவதால். ஹீட்டரை அணைத்து, கண்ணாடியை இறக்கி, லென்ஸ் குளிர அரை மணி நேரம் கொடுங்கள். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டுவிட்டால் ஈரம் பையின் மேல்தான் படியும்.

ஃபிளாஷ், பதிவுசெய்த குரல், இரைக்கு எலி எதுவும் வேண்டாம். மறைக்கும் கிளையை ஒடிக்கவும் கூடாது. பனியில் பதியும் நம் காலடித் தடமே அடுத்தவரை நேராக அந்த மரத்துக்கு அழைத்துப் போகும், ஆகவே கடைசி சில மீட்டர்கள் நடக்காமல் இருப்பது நல்லது. தொலைவிலிருந்தே எடுக்க உதவும் 500 மிமீ லென்ஸ் அதற்குத்தானே.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இத்தகைய படங்களை வெளியிடும்போது இடத்தின் பெயரை விட்டுவிடுங்கள். இணையப் பதிப்பில் ஏற்றுமுன் கோப்பிலுள்ள ஜிபிஎஸ் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
பறவைப் படக்கலை ஆர்வலர்