பயம் என்று எழுதிவிட்டீர்களே

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு உணவகங்களின் மின்னிலக்க மாற்றம் பற்றிச் சென்ற ஞாயிறு ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். மூத்த கடைக்காரர்கள் தொழில்நுட்பத்தைக் கண்டு பயப்படுகிறார்கள் என்று அதில் ஒரு வரி. படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சிங்கப்பூரின் தேக்காவில் 26 ஆண்டுகளாகத் தோசைக்கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும்தான் ஆட்கள்.

கொரோனாவால் 2020 ஏப்ரல் 7ஆம் தேதியிலிருந்து கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது நீங்கள் அறியாததல்ல. அந்த வாரமே மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு விநியோகச் செயலியில் சேர்ந்தேன். 100 வெள்ளிக்கு விற்றால் 30 வெள்ளி செயலி நிறுவனத்துக்கு. மாவு, எண்ணெய், வாடகை போக என்ன மிஞ்சியது என்று எங்களிடம் யாரும் கேட்டதில்லை.

அதே ஆண்டு ஜூனில் உணவங்காடிக்காரர்களுக்கான மின்னிலக்கத் திட்டம் வந்தது. மாதம் 20 முறையாவது மின்னிலக்க முறையில் பணம் வாங்கினால் அந்த மாதத்துக்கு 300 வெள்ளி, இப்படி ஐந்து மாதத்துக்கு. அந்த உதவியை நன்றியோடு நினைக்கிறேன். சொல்லிக்கொடுக்க வந்த பிள்ளையும் பொறுமைசாலி. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். என் மனைவி ஒவ்வொரு பொத்தானையும் நோட்டில் வரைந்து, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டார். செயலியைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பொத்தான் இடம் மாறிவிடும். அவரும் அடித்து அடித்துத் திருத்துவார். 2021 டிசம்பரில் குடும்பங்கள் கடைகளில் செலவழிக்க அரசாங்கம் தரும் சமூக மேம்பாட்டு மன்றப் பற்றுச்சீட்டு கைப்பேசிக்கு வந்தபோது, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அந்த நோட்டைப் பார்த்துத்தான் ஸ்கேன் செய்யப் பழகினார்கள். அவருக்கா பயம்?

சென்ற தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, வரிசை நீண்டிருந்த நேரம். ஒருவர் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் சேவையில் பணம் அனுப்பிவிட்டதாகத் திரையைக் காட்டி, 48 வெள்ளிக்கு உணவு எடுத்துப் போனார். இரவு கணக்கைப் பார்த்தால் பணம் வரவே இல்லை. வங்கியை அழைத்து வெகுநேரம் காத்திருந்தேன். தமிழ் பேச ஆளில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பணம் கணக்கில் சேர்ந்ததைப் பார்த்த பிறகே உணவைக் கொடுங்கள் என்றார்கள். ஒரு கையில் மாவுக் கரண்டி, எதிரே இருபது பேர். எப்போது பார்ப்பது? தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று. கடைக்காரர் தினமும் தொடும் செயலியில் அதற்கு இடமில்லையா?

ரொக்கத்தை ஏன் விடவில்லை என்றும் கட்டுரை கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர் தம்பிகளில் பலர் இன்னும் நோட்டைத்தான் நீட்டுகிறார்கள். பசியோடு நிற்பவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வராது.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். மாதம் ஒருமுறை அரைப் பக்கம் ஒதுக்குங்கள். பணம் வந்ததைச் சரிபார்ப்பது, போலித் திரையைக் கண்டுபிடிப்பது, அன்றைய பற்றுச்சீட்டுக் கணக்கைப் பார்ப்பது ஆகியவற்றைத் தமிழில், படத்தோடு அச்சிடுங்கள். வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறோம். எழுத்து மட்டும் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தோசைக்கடைக்காரர், தேக்கா